யாரோட குடை இது?

இன்னைக்கு மழைக்குப் பரண்லேருந்து பழைய கறுப்புக் குடையை எடுத்தேன். "இது யாரோடது மாமா?"ன்னு மருமக கேட்டுச்சு. எனக்கே தெரியல.

எண்பதுகள்ல ஒரு வெள்ளிக்கிழமை. அக்காவும் நானும் அத்தானோட வெள்ளை அம்பாசடர்ல அரியலூர்லேருந்து சிறுவாச்சூர் கோயிலுக்குப் போனோம்.

கூட்டத்துல எவனாவது அறுத்துருவான்னு அக்கா எட்டுப் பவுன் சங்கிலியைக் கழட்டி, மஞ்சப் பையில போட்டு டிக்கியில வச்சுச்சு. அத்தான் பூட்டிட்டு மூணு தடவை இழுத்துப் பார்த்தாரு.

சாமி கும்பிட்டு வந்து டிக்கியைத் திறந்தா பையைக் காணோம். ஒரு சாக்கு நிறையத் தேங்காய் இருக்கு!

அக்கா தரையிலயே உக்காந்து அழுவுது. அதுக்குள்ள ஒருத்தர் ஓடியாந்தாரு. "என் வண்டியில என்னங்க பண்றீங்க?"

"உங்க வண்டியா? என் சாவியிலதானே திறந்துச்சு!"ன்னாரு அத்தான்.

எங்க வண்டி நாலு வண்டி தள்ளி நின்னுச்சு. அதே வெள்ளை. சங்கிலி பத்திரமா இருந்துச்சு. அந்த ஆளு சந்தேகப்பட்டுத் தன் சாவியை எங்க டிக்கியில போட்டாரு. அதுவும் திறந்துச்சு. அந்தக் காலத்து அம்பாசடர் பூட்டு அப்படி, ஒரு வண்டிச் சாவி இன்னொரு வண்டிக்கும் சேரும்.

வூட்டுக்கு வந்து டிக்கியிலேருந்து பையை எடுத்தா, அதுக்குப் பின்னால ஓரமா இந்தக் குடை. எங்களுது இல்ல. இன்னொருத்தரு தன் வண்டின்னு நெனச்சுத் திறந்து, வச்சு, பூட்டிட்டுப் போயிருக்காரு.

அவரு இன்னமும், "பூட்டின டிக்கியிலேருந்து குடையைத் திருடிட்டான்"னுதான் சொல்லிக்கிட்டிருப்பாரு.

அப்ப அந்தத் திருடன் நாங்களா? நீங்களே சொல்லுங்க.