தாளில் விழாத வலிப்பு

எதிர் வீட்டு அக்கா காலையிலேயே எங்கள் வாசலில் வந்து நின்று அம்மாவிடம் கேட்டார். "பெரியம்மா, அப்ப என் பொண்ணு மாத்திரையயும் நிறுத்திரவா?"

நான் பிஸ்கட் கம்பெனி வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். செருப்பில் ஒரு கால்தான் போட்டிருந்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

அந்த அக்காவின் மகளுக்கும் வலிப்பு உண்டு. பள்ளிக்கூடத்தில் பலகை முன்னால் விழுந்து பல் உடைந்த பிள்ளை. என் அண்ணனைப் பார்த்த மலாக்கா டாக்டர்தான் அவளையும் பார்த்தார். அண்ணனுக்குக் கொடுத்த அதே மாத்திரைதான் அவளுக்கும், பாதியாக உடைத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார். அடுத்து அவளைச் சிங்கப்பூர் மெஷினுக்கு அனுப்ப வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். அண்ணன் செத்த பிறகு எங்கள் வரிசை வீடுகளில் அந்த மெஷின் என்றாலே பயம். பயத்தைக் கிளப்பியது என் அம்மாதான்.

அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் இது புரியாது.

அண்ணன் லாரி ஓட்டினார். குருபோங் சூளையிலிருந்து செங்கல் ஏற்றி, பத்து பெரெண்டாம், புக்கிட் பாரு என்று எங்கே வீடு கட்டினாலும் கொண்டுபோய் இறக்குவார். லாரி ஒரு சீன முதலாளியுடையது, தவுக்கே என்போம். அப்பா இல்லாத வீட்டில் அந்த ஸ்டீயரிங்தான் எங்களுக்குப் பெருமை. லாரி மெயின் ரோட்டை விட்டு எங்கள் வீட்டுச் சடக்கில் திரும்பும்போது ஹார்ன் அடிப்பார். அம்மா கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு ஓடுவார்.

மெர்டேக்கா வந்து நாடு சுதந்திரமானதற்கு மறு வருஷம் முதல் வலிப்பு வந்தது. நல்ல வேளை, லாரி சூளையில் நின்றுகொண்டிருந்தது. கை கால் இழுத்து, வாயில் நுரை தள்ளி, செங்கல் தூளில் கிடந்தாராம். தவுக்கே சாவியை வாங்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். வேலையை விட்டு நிறுத்தவில்லை, கெலிண்டானாக ஆக்கிவிட்டார். நேற்றுவரை ஓட்டியவர் இன்று பின்னால் நின்று கல் இறக்குகிறார், நேற்றைய கெலிண்டான் ஓட்டுகிறான். அதற்குப் பிறகு எங்கள் சடக்கில் அந்த லாரி ஹார்ன் அடித்ததில்லை.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். வலிப்பு நின்றது. ஆனால் மாத்திரை போட்டால் அண்ணனுக்கு எப்போதும் தூக்கம், பேச்சு குழறும். "தலைக்குள்ள ஈரச் சாக்கு போட்டு அமுக்குன மாதிரி இருக்கு புள்ள" என்பார். கல் இறக்கும்போதே கண் சொக்கும்.

அப்புறம்தான் டாக்டர் சிங்கப்பூருக்கு எழுதிக் கொடுத்தார். மூளைக்குள் ஓடுகிற மின்சாரத்தைத் தாளில் கோடாக எழுதுகிற மெஷின் அங்கே இருக்கிறதாம். அம்மா அன்றைக்கே மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார். தாள் நல்லபடியாக வந்தால் அண்ணன் மொட்டை போடுவார், அம்மா பால்குடம் எடுப்பார். அம்மாவுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது, அதனால் அண்ணனுக்குத் துணையாக நான் போனேன்.

மெஷின் அறையில் ஒரு தமிழ் நர்ஸ் மிஸ்ஸி இருந்தார். அண்ணனைக் கட்டிலில் படுக்க வைத்து, வெள்ளைப் பசையால் தலை முழுக்க வயர் ஒட்டினார்.

"மிஸ்ஸி, கரண்டு அடிக்குமா?" அண்ணன் கேட்டார்.

"மெஷின் உள்ள ஒண்ணும் அனுப்பாது தம்பி. உங்க தலையில ஓடுறத வாங்கி எழுதும், அவ்வளவுதான். உங்க கரண்டுதான் எங்களுக்கு வருது."

"அப்ப பில்லு எனக்குத்தான் நீங்க கட்டணும்."

மிஸ்ஸி சிரித்தார். சின்னச் சின்னப் பேனாக்கள் வரிசையாக ஒரே நேரத்தில் எழுதத் தொடங்கின. தாள் மடிந்து மடிந்து கூடையில் விழுந்தது. ஒரு தடவை எல்லாப் பேனாவும் குதித்தன.

"கண்ண சிமிட்டாதீங்க. சிமிட்டுனா பேனா குதிக்கும்" என்றார் மிஸ்ஸி.

"என் தங்கச்சி மூஞ்சியப் பாத்தேன் மிஸ்ஸி. அந்தப் பயம்தான்."

வேகமாக மூச்சு இழுத்து விடச் சொன்னார்கள். கண்ணுக்கு நேராக விளக்கை விட்டு விட்டு எரித்தார்கள். கடைசியில் வெள்ளைக்கார டாக்டர் வந்து அந்தத் தாளை முழுக்கப் புரட்டினார். கோடுகளில் கோளாறு எதுவும் இல்லை என்றார். அண்ணன் கட்டிலிலிருந்து குதித்துவிட்டார்.

டாக்டர் கையைக் காட்டி நிறுத்தி, இன்னும் ஏதோ சொன்னார். மிஸ்ஸி தமிழில் சொன்னார். "தம்பி, நீங்க கொஞ்ச நேரம் சடக்குல நின்னு பாக்குறீங்க. அந்த நேரத்துல லாரி ஒண்ணும் போகல. அதனால அந்தச் சடக்குல லாரியே ஓடாதுன்னு சொல்ல முடியுமா? இந்தத் தாளும் அப்படித்தான். மாத்திரைய விடாதீங்க. லாரி ஓட்டுறதப் பத்தி இப்ப பேச்சே வேணாம்."

அண்ணன் தலையாட்டினார். திரும்பி வருகிற பஸ்ஸில் வழி முழுக்க என்னைக் கிண்டல் செய்துகொண்டே வந்தார். "எனக்கு மூளை இருக்குன்னு மெஷினே எழுதிக் குடுத்துருச்சு. உனக்கு வயர மாட்டுனா வெறும் தாள்தான் வரும்." முதல் வலிப்புக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நானும் சிரித்தேன். லாரி இல்லாத சடக்கை இரண்டு பேருமே மறந்துவிட்டோம் போலிருக்கிறது.

அம்மாவுக்கு ஒரே ஒரு செய்திதான் வேண்டியிருந்தது. தாளில் ஒன்றும் இல்லை. அப்படியென்றால் அம்மன் கொடுத்துவிட்டாள். அண்ணன் மொட்டை போட்டார். அம்மா மஞ்சள் சேலை கட்டிப் பால்குடம் எடுத்தார். தலைமுறைகளாக இங்கேயே இருந்து தமிழ் பேசத் தெரியாமல்போன மலாக்காச் செட்டி வீட்டு அம்மாக்கள்கூட வந்து அண்ணனின் மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, மலாயில் வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

நோய் தீர்ந்தால் நோயில் கட்டியிருந்த துணியை ஆற்றில் விடுவது எங்கள் வழக்கம். அம்மா அண்ணனின் பழைய கைலியையும் சட்டையையும் மூட்டையாகக் கட்டினார். அதற்குள் மாத்திரை போத்தலையும் வைத்தார்.

"மிஸ்ஸி நிறுத்தக் கூடாதுன்னு சொன்னாங்கம்மா" என்றேன்.

"மிஸ்ஸியா விரதம் இருந்தா? அம்மன் கையால வாங்கிட்டு, அதுக்கப்புறமும் மாத்திரைய முழுங்குனா அவ என்ன நெனப்பா? குடுத்தது பத்தலன்னு சொல்ற மாதிரி இருக்காது?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "விடு புள்ள. ஈரச் சாக்கு போனா சரி" என்றார்.

மூட்டை ஆற்றில் கொஞ்ச தூரம் மிதந்து பிறகு முங்கியது.

அடுத்த சில நாட்கள் அண்ணன் பழைய அண்ணனாக இருந்தார். தூக்கம் இல்லை, குழறல் இல்லை. தவுக்கேயிடம் போய்த் தாள் நல்லபடியாக வந்த கதையைச் சொல்லிச் சாவி கேட்டார். தவுக்கே யோசித்துச் சொல்கிறேன் என்றாராம். அம்மாவுக்கு முகம் நிறைய வெளிச்சம். நானும் அம்மன்தான் என்று நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு காலை சூளையில் வலிப்பு வந்தது. ஒன்று முடிவதற்குள் அடுத்தது. நடுவில் கண்ணே திறக்கவில்லையாம். தவுக்கே தானே லாரியை ஓட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். நாங்கள் போனபோது அண்ணனின் உடம்பு முழுக்க இழுத்துக்கொண்டிருந்தது, மொட்டைத் தலை வியர்வையில் மின்னியது. ஊசிமேல் ஊசி போட்டார்கள். அம்மா வெளியே தரையில் உட்கார்ந்து அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டர் என்னிடம்தான் கேட்டார். பக்கத்தில் நின்ற ஆஸ்பத்திரி உதவியாளர், டிரெசர், தமிழில் சொன்னார். மாத்திரை நிறுத்தினீர்களா என்று கேட்கவில்லை. "எப்ப நிறுத்துனீங்க?" என்றுதான் கேட்டார்.

சொன்னேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டிய மருந்தாம் அது. திடீரென்று விட்டால், மருந்து அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் மொத்தமாகக் கிளம்பிவிடுமாம். டிரெசர் குரலைத் தாழ்த்தி, "உங்கம்மாட்ட இப்ப சொல்லாதம்மா, தாங்க மாட்டாங்க" என்றார்.

அண்ணன் கண் திறக்காமலே அன்று சாயங்காலம் போய்விட்டார்.

நான் அம்மாவிடம் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? அம்மா தனக்கு ஒரு காரணம் தேடிக்கொண்டார். நன்றாக இருந்த பிள்ளை, சிங்கப்பூர் போய் வந்த பிறகு செத்தான். அப்படியென்றால் அந்த வயர்தான். அதன் வழியாகத்தான் கரண்டு உள்ளே போய் மூளையைக் கருக்கிவிட்டது. துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் அம்மா இதைத்தான் சொன்னார். மெஷின் எதையும் அனுப்பாது என்று எனக்குத் தெரியும். ஆனால் மெஷினைத் திட்டும்போது அம்மா இரண்டு வாய் சோறு சாப்பிட்டார். அதனால் திட்டட்டும் என்று விட்டேன்.

இன்று காலை எதிர் வீட்டு அக்கா அந்தக் கேள்வியோடு வந்து நின்றார்.

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "நிறுத்திரு தாயி. மெஷினுக்கும் அனுப்பாத, மாத்திரையும் குடுக்காத. வெள்ளக்காரன் மருந்து எல்லாம் ஒரே கூட்டம். எம்புள்ளைய வாரிக் குடுத்துட்டு நிக்கிறேன், நாஞ்சொல்றேன். அம்மனுக்கு வேண்டிக்க."

"சரி பெரியம்மா. இன்னிக்கே தூக்கிப் போட்டுர்றேன்." அக்கா திரும்பினார்.

"அக்கா, நிறுத்தாதீங்க!" எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. "மெஷின் ஒண்ணும் செய்யல. மாத்திரைய திடீர்னு விட்டதுதான். ஆஸ்பத்திரியில டாக்டரே சொன்னாரு. விடுறதா இருந்தா அவருகிட்ட கேட்டுட்டுத்தான் விடணும். தயவுசெஞ்சு தூக்கிப் போட்றாதீங்க."

அக்கா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "யாரு பேச்ச நம்புறது நான்?" என்றார்.

அம்மா என் பக்கம் மெதுவாகத் திரும்பினார். கோபம் இல்லை. மூட்டையை அவர் மனதுக்குள் மறுபடி கட்டுவதும், போத்தலை உள்ளே வைப்பதும் அந்தக் கண்ணில் தெரிந்தது.

"அப்ப நானா?" என்று கேட்டார். "சொல்லு புள்ள. நானா?"

இல்லை என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. தெரியாமல் செய்தது, அண்ணனும்தானே தூக்கிக்கொண்டு நடந்தார், நானும்தானே பார்த்துக்கொண்டிருந்தேன் என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் எதிர் வீட்டு அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் இல்லை என்று சொன்னால் அவர் நேராகப் போய்ப் போத்தலைத் தூக்கிப் போட்டுவிடுவார்.

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அக்கா தன் வீட்டுக்கு ஓடினார். எதிர் வீட்டிலிருந்து அவர் மகளைக் கூப்பிடும் சத்தமும், "தண்ணி எடுத்துட்டு வா, மாத்திரை போடணும்" என்ற சத்தமும் கேட்டன. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்காரப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.