சத்தமாகச் சொன்ன அளவு

இலஞ்சியில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கிறேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு உடல் பரிசோதனை நடந்தது. சாரல் பெய்து மைதானம் சொதசொதவென்று கிடந்ததால், எல்லாரையும் பெரிய வகுப்பறை ஒன்றில் வரிசையாக நிறுத்தியிருந்தோம்.

வந்திருந்த டாக்டரம்மா என் கையில் ஒரு டேப்பைக் கொடுத்தார். "வயித்துச் சுற்றளவும் எடுத்துருங்க டீச்சர். உயரத்துல பாதிக்கு மேல போச்சுன்னா, பின்னால சுகரும் இருதயக் கோளாறும் வர வாய்ப்பு கூடுது. எடை சரியா இருக்கிற பிள்ளைககிட்டயும் இது காட்டிக்கொடுக்கும்" என்றார்.

என் கோகோ அணியில் ஒரு பெண் இருந்தாள். கை கால் ஒல்லி, ஓட்டம் மின்னல். அவளுடைய அப்பா சவூதியில் கடை வேலை பார்த்தவர். நாற்பது வயதுகூட ஆகாமல் அங்கேயே நெஞ்சுவலியில் இறந்து, அங்கேயே அடக்கமானார். அவள் முறை வந்தபோது உயரம் நூற்றைம்பது, எடை ஐம்பது. குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு டேப்பை வயிற்றைச் சுற்றிப் பிடித்தேன். அறையின் மறுகோடியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த ஆசிரியைக்குக் கேட்கட்டும் என்று, மைதானத்தில் கத்திப் பழகிய தொண்டையால் சொன்னேன்: "எழுபத்தொம்போது!"

"ஏட்டி, தவலை!" என்று வரிசையில் ஒருத்தி சொன்னாள். வயிறு பெருத்த பித்தளைப் பானையைத்தான் தவலை என்பார்கள். மொத்த அறையும் சிரித்தது. அவளும் சிரித்தாள். நானும் லேசாகச் சிரித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

டாக்டரம்மா அவளுடைய பின்கழுத்தில் இருந்த கருமையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தென்காசியில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிச் சீட்டு எழுதினார். அது அழுக்கில்லை, சுகர் வரலாம் என்று உடம்பு தரும் அடையாளம் என்று என்னிடம் சொன்னார். அவளோ அன்றிலிருந்து கழுத்தை நார் வைத்துத் தேய்த்திருக்கிறாள். சில நாளில் தோல் உரிந்து சிவந்திருந்தது. விளையாட்டுக்கு வருவதை நிறுத்தினாள். மதியச் சாப்பாட்டைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவாளாம். தவலை என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

சீட்டு என்னாயிற்று என்று கேட்டேன். "தொலஞ்சு போச்சு மிஸ்" என்றாள்.

தென்காசியில் அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா காப்பி கொடுத்து உட்கார வைத்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"என்ன டீச்சர் இப்படிச் சொல்லுதீய? ஓடி ஆடுத பிள்ளை. அவ அப்பா போனதே எங்களுக்குப் போதும். இவளுக்கும் ஒண்ணு இருக்குன்னு சொல்லிறாதீய."

காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். மறுபடி ஒருமுறை போயிருக்கலாம். போகவில்லை. பத்தாம் வகுப்பு முடிந்ததும் அவள் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள்.

போன வருஷம் எனக்குப் பிரஷர் மாத்திரை வாங்கத் தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சுகர் நோயாளிகள் வரிசையிலிருந்து "மிஸ்" என்று ஒரு குரல் கேட்டது. அவள்தான். இருபத்தொரு வயது. கல்யாணமாகிக் கடையத்தில் இருக்கிறாள்.

"அஞ்சாம் மாசத்துல பிள்ளை வயித்துலயே போயிருச்சு மிஸ். அப்பத்தான் டெஸ்ட் எடுத்தாக. சுகர் ரொம்ப நாளாவே இருந்திருக்கும்னு சொல்லுதாக."

"உன்னை அன்னைக்கு எல்லார் முன்னாலயும்..." என்று ஆரம்பித்தேன்.

"டாக்டரம்மா என்ன சொன்னாகன்னு எனக்கு ஞாபகமே இல்ல மிஸ். எல்லாரும் சிரிச்சது மட்டுந்தான் கேட்டுது. சீட்டை அன்னைக்கே கிழிச்சுப் போட்டுட்டேன்." கையிலிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை நாலாக மடித்தாள். "நீங்க மெதுவாச் சொல்லிருக்கலாம்."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போதெல்லாம் பள்ளியில் ஒவ்வொரு பெண்ணாகத் தனியறைக்குக் கூப்பிட்டுத்தான் அளக்கிறேன். நானே எழுதுகிறேன், அவளிடம் மட்டும் சொல்கிறேன். பெற்றோர் மறுத்தால் மறுபடியும் போகிறேன். இது அவளுக்கு எந்த விதத்திலும் உதவாது.

ஆஸ்பத்திரியில் பார்த்த அன்றே, அடுத்த மாதப் பரிசோதனைக்குத் தனியாகப் போவதாக அவள் சொன்னபோது, நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. பரிசோதனைக்குப் போன நாளில் அவளுக்குச் சுகர் சற்றுக் குறைந்திருந்தது. மாத்திரை வாங்கும் இடத்தில் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். எதிரே ஒருத்தி கைக்குழந்தையோடு நின்றாள். இவள் துப்பட்டாவின் நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் விலக்கவும் இல்லை, பற்றிக்கொள்ளவும் இல்லை.