முந்திரிக்காட்டைப் பார்த்த வாசல்

ஆவணி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் காலை ஆறு மணிக்கு டீ குடித்துக்கொண்டிருந்தேன். கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போகிறேன் என்றதும் டீக்கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு மணி நேரம் போதுங்க. பாத்துட்டு அப்படியே கும்பகோணம் போயிடலாம்," என்றார். சேலத்தில் கிளம்பும்போது என் மனைவியும் இதையேதான் சொல்லியிருந்தாள். "இடிஞ்சுபோன ஊரைப் பார்க்க ரெண்டு நாளா?" என்று கூடுதலாக ஒரு வரியும் சேர்த்தாள். எனக்கு யாராவது ஒன்றைப் போதும் என்று சொன்னால் போதாது என்று தோன்றும். கடையில் மூக்குக்கண்ணாடி விற்கத் தொடங்கி இருபத்தைந்து வருஷம் ஆகிறது. இருக்கிற கண்ணாடியே போதும் என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்குப் பார்வை சரியாக இல்லை என்பது என் அனுபவம்.

அரியலூர் முப்பது கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஓர் ஆசிரியை. வரதராஜன்பேட்டைக்காரர், கழுத்தில் சின்னச் சிலுவை, மடியில் திருத்தாத விடைத்தாள் கட்டு. "வருஷா வருஷம் பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போவோம் சார். கோயிலு, நந்தி, ஐஸு, திரும்ப பஸ்ஸு. ரெண்டு மணி நேரம்," என்றார். "ஊர் எங்கே இருந்தது என்று பிள்ளைகள் கேட்பதில்லையா?" என்றேன். "கேக்கும். அதுக்குள்ள பஸ்ஸு வந்துடும்," என்று சிரித்தார்.

அரியலூரை நெருங்க நெருங்க மரங்கள் வெளுத்தன. சிமெண்ட் லாரிகள் வரிசையாகப் போயின. சாலையோரத்துப் புளியமரத்தின் ஒவ்வொரு இலையிலும் மாவு அப்பியது போல் தூசி. இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது, சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இன்றும் சிப்பி பதிந்த கல் கிடைக்கிறது என்றார் ஆசிரியை. இதை நேற்றைய மழையைப் பற்றிச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார். நான் ஜன்னல் வழியே அந்த வெள்ளை நிலத்தைப் பார்த்தபடி வந்தேன். கடலே போய்விட்ட இடத்தில் ஒரு தலைநகரம் போனதா பெரிது என்று நினைத்துக்கொண்டேன்.

அரியலூரில் பஸ் மாறி ஜெயங்கொண்டம் வந்தபோது மணி ஒன்பது. அங்கே ஓர் ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் பெயர் மணிவேல். ஐம்பது வயதிருக்கும். காத்திருப்பதோடு சேர்த்து ஐந்நூறு ரூபாய் என்று பேச்சு.

"ரெண்டு மணி நேரம் போதும்..." என்று ஆரம்பித்தார். நான் கை எடுத்துக் கும்பிட்டேன்.

கோயிலைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அதைப் பார்க்காத தமிழர் அதன் படத்தையாவது பார்த்திருப்பார். நந்தி பெரியது, விமானம் அதைவிடப் பெரியது, புல்வெளி சுத்தமாக இருக்கிறது. என்னைத் தொந்தரவு செய்தது கோயில் அல்ல, அதைச் சுற்றி எதுவுமே இல்லாதது. தஞ்சாவூரில் பெரிய கோயிலை விட்டு வெளியே வந்தால் கடைத்தெரு, அரண்மனை, ஆஸ்பத்திரி, சத்தம். இங்கே மதிலைத் தாண்டினால் வயல். சுமார் இருநூற்றைம்பது வருஷம் சோழர்கள் உட்கார்ந்து ஆண்ட ஊர். ஒரு தெரு மிஞ்சவில்லை. கல்யாண மண்டபத்துக்கு வந்து மணமேடையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது போல இருந்தது.

"ஊர் எங்கேங்க இருந்தது?" என்று மணிவேலைக் கேட்டேன்.

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? கோயிலுக்கு வந்தப்பவே ஊருக்குள்ளதான் வந்தோம்," என்றார்.

கோயிலை விட்டுக் கிளம்பியதும் வழியெல்லாம் பெயர்ப் பலகைகளைக் காட்டிக்கொண்டே வந்தார். உட்கோட்டை என்று ஒரு பலகை. அங்கே கோட்டை இல்லை, ரேஷன் கடை இருந்தது. ஆயுதக்களம் என்று இன்னொன்று சொன்னார். ஆயுதம் வைத்த இடத்தில் சோளம் வளர்கிறதாம். மெய்க்காவல்புத்தூர், அரசனின் மெய்க்காவலர் குடியிருந்த இடம் என்கிறார்கள். ஆட்கள் போய்விட்டார்கள், வேலையின் பெயர் மட்டும் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறது. வீடு காலி செய்து போன பிறகும் கதவில் பெயர்ப்பலகை தொங்குவதைப் பார்த்தால் வருமே, அந்தக் கலக்கம் எனக்கு.

கோயிலிலிருந்து தென்மேற்கே இரண்டு கிலோமீட்டர் போனால் மாளிகைமேடு. அரண்மனை இருந்த மேடு. தோண்டிய பள்ளங்களில் அகலமான செங்கல் சுவர்கள் இடுப்பளவுக்குத் தெரிகின்றன, மேலே தகரக் கூரை. காவலர் ஒருவர் தூரத்தில் இருந்தார். வேறு ஆள் இல்லை. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஒரு காக்கை கூட இல்லை. சுவர்களுக்கு நடுவே பார்த்தால் அறைகள், நடைவழிகள் எல்லாம் தெரிகின்றன. யாரோ இப்போதுதான் எழுந்து உள்ளே போன மாதிரி இருந்தது. நான் பயந்தாங்கொள்ளி இல்லை, ஆனால் அங்கே சத்தமாகப் பேச எனக்கு வாய் வரவில்லை.

அப்போதுதான் மணிவேலுக்குப் போன் வந்தது. பேசி முடித்ததும் அவர் முகம் சுருங்கியது. "வூடு வரைக்கும் போயிட்டு வரணும் சார். கொத்தனாரு நிக்கிறாரு. நீங்களும் வாங்க, ஒரு வாய் சாப்பிட்டு வந்துடலாம்."

ஆட்டோவை ரோட்டில் நிறுத்திவிட்டு ஒரு கடலைக்காடு வழியாக நடந்தோம். பெண்கள் நாலைந்து பேர் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மழை தள்ளிப் போனதால் செடி வாட்டமாக இருந்தது. நான் குறுக்கே நடந்தேன்.

"ஏங்க! ஏங்க! சுவத்து மேல ஏறாதீங்க!" என்று ஓர் அம்மாள் களைக்கொத்தைத் தூக்கிக்கொண்டு கத்தினார். "வாசல் அங்க இருக்கு பாருங்க!"

என்னைச் சுற்றிலும் முழங்கால் உயரக் கடலைச் செடியைத் தவிர ஒன்றும் இல்லை. மணிவேல் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "கண்ண இடுக்கிப் பாருங்க சார்."

பார்த்தேன். பச்சைக்கு நடுவே மஞ்சளாக ஒரு கோடு. நூல் பிடித்தது போல நேராகப் போய்ச் சட்டென்று மடங்கி மறுபடி நேராகப் போனது. அடியில் புதைந்திருக்கும் சுவருக்கு மேல் மண் ஆழம் குறைவு, ஈரம் நிற்காது, அங்கே இருக்கும் செடிதான் முதலில் வாடும். மழை பெய்தால் கோடு மறைந்துவிடும். வறட்சி வந்தால் அறை அறையாக அரண்மனை பயிரின் மேல் ஏறி வரும். கோட்டில் ஓரிடத்தில் மட்டும் மூன்றடி அகலத்துக்குச் செடி பச்சையாக இருந்தது. அந்தப் பெண்கள் அதன் வழியாகத்தான் உள்ளே போனார்கள், அதன் வழியாகத்தான் வெளியே வந்தார்கள். ஒருவரும் மஞ்சள் கோட்டைத் தாண்டவில்லை. ஏன் என்று கேட்டேன். "வாசல் இருக்கறப்ப எதுக்குங்க சுவரேறிக் குதிக்கணும்?" என்றார் அந்த அம்மாள். பக்கத்தில் இருந்தவள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். நான் பின்வாங்கி, சுற்றிப் போய், அந்த மூன்றடி வழியாக நடந்தேன்.

மணிவேலின் வீடு ஒரே அறை, தகரக் கூரை. பக்கத்தில் காலி மனை. அங்கேதான் கொத்தனார் கோவிந்தன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மணிவேலின் மனைவி வளர்மதி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். மகள் கயல்விழி நிறைமாதத்தை நெருங்கும் வயிற்றோடு கதவில் சாய்ந்திருந்தாள். வளைகாப்பு முடிந்து பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஐப்பசியில் பிரசவம். ஐப்பசியில்தான் மழையும். தகரக் கூரை மழைக்கு ஒழுகும். அதற்குள் ஒரு நல்ல அறை எழுப்பிவிட வேண்டும் என்றுதான் இந்த மனையில் வேலையைத் தொடங்கியிருந்தார்கள்.

அந்தப் பக்கத்தில் அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்டுவதற்கு முன் ஒரு வழக்கம் உண்டு. மனை முழுவதும் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, வெயிலில் எந்த இடம் முதலில் காய்கிறது என்று பார்ப்பார்கள். கோடு தெரிந்தால் அடியில் சுவர் இருக்கிறது. வீட்டை அதை விட்டுத் தள்ளிப் போடுவார்கள். காலையில் இந்த மனையிலும் தண்ணீர் தெளித்தாயிற்று, ஒரு மூலையில் கோடு தலைகாட்டிவிட்டது. அதை விடாமல் கட்டினால் என்ன ஆகும் என்று எனக்குக் காட்ட மணிவேல் எதிர்வீட்டுக்குக் கூட்டிப் போனார். அவருடைய சித்தப்பா வீடு. கட்டி இரண்டு மழை தாங்கவில்லை. தரையில் தொடங்கிச் சுவரேறிக் கூரை வரை ஒரே விரிசல், கை நுழையும் அளவுக்கு. பாதி வீடு பழைய சுவரின் மேல் அசையாமல் நிற்கிறது, மறுபாதி மண்ணோடு இறங்கிவிட்டது. சித்தப்பா குடும்பம் திருப்பூர் போய்விட்டது. கதவு சாத்தாமலே கிடந்தது. விரிசலில் கையை வைத்துப் பார்த்தேன். வெளியே அனல் அடிக்கிற உச்சி வேளையில், உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று என் விரல்களில் பட்டது. ஈரச் சுண்ணாம்பு வாசனை. கையை எடுத்துக்கொண்டேன்.

"பச்சப் புள்ளைய வச்சுக்கிட்டு இந்த மாதிரி வூட்ல எப்படிங்க படுக்கறது?" என்றார் பின்னாலேயே வந்த வளர்மதி.

நாங்கள் திரும்பியபோது மனை முழுவதும் காய ஆரம்பித்திருந்தது. ஈரமண்ணின் கருப்பில் வெளிறிய கோடு ஒன்று கோணலாக எழுந்தது. மடங்கியது. மறுபடி மடங்கியது. உள்ளே சோறு ஆறிக்கொண்டிருந்தது, யாரும் சாப்பிடப் போகவில்லை. எல்லோரும் நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம். எங்கள் கண்ணெதிரே தரையிலிருந்து ஓர் அறை முழுதாக வெளியே வந்தது. நாலு பக்கமும் சுவர். தெற்கே மட்டும் மூன்றடிக்கு ஈரம் காயாமல் கருப்பாக நின்றது.

"தள்ளிப் போட எடமே இல்ல," என்றார் கோவிந்தன். "எப்படிப் போட்டாலும் சுவத்துல பாதி, மண்ணுல பாதி. நாளைக்கு வெடிச்சா எம்மேல பழி சொல்லக் கூடாது. நான் கெளம்பறேன் மாமா."

மணிவேல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆபீஸ் ஆபீஸாக அலைந்து வீடு கட்ட அனுமதி வாங்கி வந்த மனை. வேறு மனை இல்லை. மனுஷன் அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

கயல்விழிதான் செருப்பைக் கழற்றினாள். கோட்டைச் சுற்றிக்கொண்டு தெற்குப் பக்கம் போய், அந்தக் கருப்பு ஈரத்தின் வழியாக மெதுவாக உள்ளே நடந்தாள். நடுவில் நின்றுகொண்டு நாலு பக்கமும் பார்த்தாள். "எதுக்குப்பா தள்ளிப் போடணும்? அவங்க சுவத்து மேலயே நம்ம சுவரு. அவங்க வாசல்லயே நம்ம வாசல். கட்டில் போடலாம், தொட்டில் கட்டலாம். எடம் பத்தும்."

"தெக்குப் பாத்த வாசல் ஆகுமாடி?" என்றார் வளர்மதி. "தெரு வடக்கால இருக்கு. நம்ம வூடு தெருவுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கும். அந்தப் பக்கம் முந்திரிக்காடுதானே, யாரு வரப் போறா?"

"அந்தக் காலத்துல தெரு அந்தப் பக்கம் இருந்திருக்கும்மா," என்றாள் கயல்விழி.

கோவிந்தன் குனிந்து கோட்டைக் காலால் தட்டிப் பார்த்தார். நாலு பக்கமும் தட்டினார். "நாலு சுவரும் கெட்டியில நின்னா ஒரு பக்கம் எறங்காது," என்றார் யோசித்தபடி. "செங்கல்ல ஒண்ணக்கூட எடுக்காம, மேல மணல் பரப்பி எழுப்பிடலாம். ஆனா வூடு கோணலாத்தான் நிக்கும். ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும்," என்றார் மணிவேல்.

இரண்டு மணி நேரத்தில் நான் கும்பகோணம் போயிருந்தால் இதைப் பார்த்திருக்க மாட்டேன். அன்று ஜெயங்கொண்டத்தில் அறை எடுத்துத் தங்கினேன். அறையில் படுத்தபோது கட்டிலுக்கு அடியில் எந்தச் சுவர் போகிறதோ என்ற நினைப்பு வந்து தொலைத்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு விடைபெறப் போனேன். சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு முடித்திருந்தார்கள். சுவர் இல்லை, கூரை இல்லை. ஆனால் தெற்கு வாசலில் கயல்விழி ஒரு கோலம் போட்டிருந்தாள், முந்திரிக்காட்டைப் பார்த்து. நான் என்னை அறியாமல் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். திறந்தவெளியில் நின்றுகொண்டு டீ குடித்தேன். கிளம்பும்போது வாசலில் சட்டென்று ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றேன், எதிரே உள்ளே வருகிறவருக்கு வழி விடுவது போல. எதிரே முந்திரி மரங்கள்தான் இருந்தன. ஏன் ஒதுங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை, வெட்கமாகப் போய்விட்டது.

"பரவால்ல சார்," என்றாள் கயல்விழி. "காலையிலேர்ந்து எல்லாருமே அப்படித்தான் ஒதுங்குறாங்க."

சேலத்தில் எங்கள் அடுக்குமாடி வீடு கட்டுவதற்கு முன்பு அங்கே என்ன இருந்தது என்று வந்ததும் மனைவியைக் கேட்டேன். தோப்போ என்னவோ என்றாள். பதினெட்டு வருஷமாகக் குடியிருக்கிறோம். எங்களுக்குத் தெரியாது.

தை பிறந்த பிறகு மணிவேல் போன் செய்தார். ஐப்பசியில் பேத்தி பிறந்திருக்கிறாள். மழை கொட்டித் தீர்த்தும் வீட்டில் மயிரிழை விரிசல் இல்லை. எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது. வாழ்த்துச் சொன்னேன். வைக்கப் போகும்போது அவர் கொஞ்சம் தயங்கினார்.

"ஒண்ணு மட்டும் சார். வாசலுக்கு எதிர்த்தாப்புல, முந்திரிக்காட்டுக்குள்ளேர்ந்து ஒத்தையடிப் பாதை ஒண்ணு விழுந்திருக்கு. நேரா வாசல் வரைக்கும். நாங்க யாரும் அந்தப் பக்கம் நடக்கறதில்ல."

"ஆடு மாடு போயிருக்கும்," என்றேன்.

"அப்படித்தான் சார் நாங்களும் சொல்லிக்கிறோம்," என்றார் மணிவேல்.