பெரிய கப்பல் வருகிறது

என் வீட்டுக்காரருக்கு விமானப் பைத்தியம். இதைக் கல்யாணத்துக்கு முன் யாரும் என்னிடம் சொல்லவில்லை. குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார் என்று மட்டும் தரகர் சொன்னார். அப்படியானால் ஓய்வு நேரத்தில் என்னதான் செய்வார் என்று கேட்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மலேசியாவில், செரண்டா என்ற சிற்றூரில் வாடகை வீட்டில் இருந்தோம். அவருக்கு ராவாங்கில் தொழிற்சாலை வேலை. அங்கே அவரைப் போலவே இரண்டு பேர் அகப்பட்டிருந்தார்கள். ஒருவர் மலாய்க்காரர், ஒருவர் சீனர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மூவரும் மோட்டார் சைக்கிளில் சுபாங் விமான நிலையத்துக்குப் போய், பார்வையாளர் மாடத்தில் வெயிலில் நின்று, இறங்குகிற விமானங்களை எல்லாம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கறுத்துப்போய் வருவார்கள். வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு விமானப் படத்தை மாட்டியிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் உள்ளே வந்து பார்த்துவிட்டு, "இது என்னா, ஒங்க வீட்டுக்காரரோட கொலசாமியா?" என்றார். அன்று முழுக்க எனக்கு வெளியே தலைகாட்டக் கூச்சமாக இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. நாட்டின் விமான நிறுவனம் லண்டனுக்குப் பறக்கப் புதிதாக ஒரு ஜம்போ விமானம் வாங்குகிறது என்று செய்தி வந்தது. அவ்வளவுதான், மூவருக்கும் சோறு தண்ணீர் இறங்கவில்லை. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அத்தனை பரபரப்பாக இருக்க மாட்டார்கள். எந்தப் பக்கத்திலிருந்து வரும், எப்படித் திரும்பும் என்று எங்கள் வீட்டு மேசையில் தேநீர்க் கோப்பையை விமானமாக்கி ஓட்டிக் காட்டுவார்கள். மேசைத் துணியை நான்தான் துவைத்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மலாய் மொழியில் விமானத்துக்குக் 'கப்பால் தெர்பாங்' என்று பெயர். பறக்கும் கப்பல். நண்பர்களோடு எந்நேரமும் மலாயிலேயே பேசிப் பேசி, தமிழிலும் என் வீட்டுக்காரருக்குக் கப்பல் என்றே வாயில் வரும். 'பறக்கும்' என்பது பாதி வழியில் உதிர்ந்துவிடும். எனக்கு அது பழகிப்போயிற்று. ஆனால் என் அப்பாவுக்குக் கப்பல் என்றால் கடலில் போவது. சிறுவனாக அதில் ஏறித்தான் அவர் இந்த நாட்டுக்கு வந்தார்.

அப்பா கெர்லிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்தார். இந்தியாவில் அவருக்கு ஒரே ஒரு தங்கை. கண்ணை மூடுவதற்குள் ஒரு முறை அவள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பார். அதைத் தவிர அவர் தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்தச் சமயத்தில், இந்தியாவுக்கு ஆட்களை ஏற்றிப் போகிற கப்பலை நிறுத்தப்போகிறார்கள் என்று தோட்டத்து லயத்து வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. அதைக் கேட்டதிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அம்மா என்னிடம் வருத்தப்பட்டார்.

இந்த நேரத்தில்தான் நாங்கள் தோட்டத்துக்குப் போனோம். அப்பா மாப்பிள்ளையிடம் அதிகம் பேச மாட்டார். 'வாங்க மாப்ள', 'சாப்புடுங்க மாப்ள', 'போய்ட்டு வாங்க மாப்ள', இந்த மூன்றோடு சரி. அந்த மௌனம் எனக்குச் சங்கடமாக இருக்கும். அன்று என் வீட்டுக்காரர் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"மாமா, பெரிய கப்பல் ஒண்ணு புதுசா வருது. நானூறு பேரு போலாம். மேல்மாடி இருக்கு, உள்ளுக்குள்ளயே படிக்கட்டு இருக்கு. சமையல்கட்டுகூட இருக்கு லா!"

அப்பா வெற்றிலையை மடிப்பதை நிறுத்தினார். "சாமான் ஏத்தலாமா மாப்ள?"

"எவ்வளவு வேணும்னாலும் ஏத்தலாம்."

"இந்தியாவுக்குப் போகுமா?"

"லண்டனுக்கே போவுது, இந்தியா என்னா மாமா! வர்ற ஞாயித்துக்கெழம வந்து சேருது. நாங்க காலையிலயே போயிருவோம். நீங்களும் வாங்களேன்."

"வரேன் மாப்ள. எடம் எனக்குத் தெரியும். நாங்களே வந்துருவோம்."

அப்பாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை என் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. மாமனாரும் மருமகனும் ஒருவழியாகப் பேசிக்கொண்டார்கள் என்று எனக்கு ஒரே பெருமை. வழியெல்லாம் என் வீட்டுக்காரர், "ஒங்கப்பாவுக்கு சுபாங் எல்லாம் தெரிஞ்சிருக்கு பாரேன்" என்று வியந்துகொண்டே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் நல்ல சேலை கட்டிக்கொண்டு சுபாங் போனேன். மாடத்தில் நல்ல கூட்டம். விமானம் வந்தது. பெரியதுதான், பொய் சொல்லக் கூடாது. சக்கரம் தரையில் பட்டதும் மூவரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தனை பேர் மத்தியில் மீசை வைத்த ஆம்பிளை அழுகிறாரே என்று நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பித் திரும்பி வாசலைத்தான் பார்த்தேன். அப்பாவும் அம்மாவும் வரவே இல்லை.

"ஒங்க ஆளுங்களுக்கு இதோட அருமை எங்க தெரியப்போவுது" என்றார் என் வீட்டுக்காரர். எனக்குச் சுருக்கென்றது. அதைவிட, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத அப்பாமேல்தான் ஆத்திரம் வந்தது.

சாயங்காலம் நண்பர்களும் எங்களோடு செரண்டாவுக்குத் தேநீர் குடிக்க வந்தார்கள். வீட்டு வாசலில் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா வெள்ளை வேட்டி சட்டையில் இருந்தார். வேட்டி முழுக்க அழுக்கு.

"எங்கப்பா போனீங்க?" என்று கத்தினேன்.

"கிள்ளான் போர்ட்டுக்குத்தான். வேற எங்க?"

உள்ளே உட்காரவைத்ததும் அப்பாவே எல்லாவற்றையும் சொன்னார். பஸ் மாறி மாறித் துறைமுகத்துக்குப் போயிருக்கிறார்கள். வாசலில் இருந்த காவலாளியிடம், நானூறு பேர் போகிற மாடி வைத்த புதுக் கப்பல் எங்கே நிற்கிறது, இந்தியாவுக்குப் போக என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவன் ஒரு பாமாயில் கப்பலைக் காட்டியிருக்கிறான். அது இல்லை, மாடி உண்டு, படிக்கட்டு உண்டு, என் மருமகன் சொன்னார் என்று இவர் விடவில்லை. மத்தியானம் வரை வெயிலில் நின்றிருக்கிறார்கள். கடைசியில் யாரோ ஒருவருக்கு விஷயம் பிடிபட்டு, சிரித்துக்கொண்டே வானத்தைக் காட்டினார்களாம்.

அப்பா இதைத் தன்னைத்தானே கேலி செய்துகொண்டு சொன்னார். என் வீட்டுக்காரர் வரிக்கு வரி நண்பர்களுக்கு மலாயில் எடுத்துச் சொன்னார். அவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மலாய் நண்பர் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அப்பாவும் கூடச் சிரித்தார். நான் சமையலறையில் தேநீர் ஆற்றிக்கொண்டு நின்றேன். முதலில் அப்பாவை நினைத்து வெட்கப்பட்டேன். அப்புறம், பெற்ற அப்பாவுக்காகவா வெட்கப்படுகிறாய் என்று என்னை நினைத்து வெட்கப்பட்டேன். அந்த இரண்டாவது வெட்கம் இன்னும் போகவில்லை.

என் வீட்டுக்காரர் சுவரிலிருந்த படத்தைக் கழற்றி எடுத்துவந்து அப்பா மடியில் வைத்தார். "இதான் மாமா கப்பலு. இதுல மேல்மாடி கெடையாது. இன்னிக்கு வந்ததுக்கு இந்த எடத்துல மேல்மாடி இருக்கு. வசதியானவங்க ஒக்காருற எடம்."

அப்பா படத்தில் விமானத்தின் வயிற்றுப் பக்கத்தில் விரலை வைத்தார். "கீழ?"

"கீழ சாமான் மாமா."

"ஆளு ஏத்த மாட்டாங்களா?"

"மாட்டாங்க மாமா. ஏன்?"

"இல்ல மாப்ள. நாங்க வந்தப்ப அடித்தட்டுலதான் வந்தோம். அங்கதான் டிக்கட்டு மலிவு. அதான் கேட்டேன்."



அம்மாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "போதும், எந்திரிங்க. கடசி பஸ்ஸும் போயிரும். இன்னிக்கு மானம் கப்பலேறுனது பத்தாதா?"

அப்பா படத்தை வேட்டி முனையால் துடைத்து மாப்பிள்ளையிடம் கொடுத்தார். "போவுது விடு. மானத்துக்காச்சும் ஒரு டிக்கட்டு கெடச்சுச்சே" என்றார். சொல்லிவிட்டு அவர் ஒருவர் மட்டும் சிரித்தார்.

மலாய் நண்பர் அடுத்த வேடிக்கைக்குத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டு, என்ன சொல்கிறார் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தபடி, ஒன்றுமில்லை என்று மலாயில் சொன்னார்.