கழுத்தில் கோடில்லாத கிளி

வாத்தியாரம்மா போய்ச் சேர்ந்த பிறகு வீட்டைக் காலி செய்ய மகள் வந்தாள். கட்டிலுக்கு ஆள் இருந்தது, அலமாரிக்கு ஆள் இருந்தது, பழைய மிக்ஸிக்குக்கூட ஆள் இருந்தது. பால்கனியில் தொங்கிய கிளிக்கூண்டுக்கு மட்டும் இல்லை.

"சிஸ்டர், இது இன்னும் எவ்வளவு நாள் இருக்கும்? பதினெட்டு வருஷமா அம்மாகிட்ட இருக்கு."

சிஸ்டர் என்று கூப்பிடப்பட்டவள் வாத்தியாரம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள், ஆனால் நர்ஸ் இல்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைக் குளிப்பாட்டி, புரட்டிப் போட்டு, ஊட்டிவிட்டு, மலம் மூத்திரம் எடுக்கிற வேலை. அதற்கென்று ஆஸ்பத்திரியில் முறையாகப் பயிற்சி எடுத்தவள். வயசு அறுபதைத் தாண்டிவிட்டது. புருஷன் இளவயதிலேயே செத்துப்போனான், பிள்ளை இல்லை. "சிஸ்டர்னு கூப்பிட ஊரே இருக்கு, அக்கான்னு தேடி வர ஒருத்தன் இல்ல" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். தம்பி ஒருவன் இருந்தான், கடல் தாண்டி. வருஷம் பிறந்தால் போனில் ஒரு பூப்படம் அனுப்புவான்.

இன்னும் எவ்வளவு நாள் என்பது எல்லா வீட்டிலும் அவளிடம் கேட்கிற கேள்விதான். புறங்கையின் தோலைக் கிள்ளிப் பார்ப்பாள், நகத்தைப் பார்ப்பாள், கண்ணைப் பார்ப்பாள், சொல்லிவிடுவாள். பெரும்பாலும் தப்பாது. அதே பார்வையைக் கிளி மேலும் ஓட்டினாள். வால் இறகு நைந்து பாதியில் ஒடிந்திருந்தது. பச்சை மங்கிப் பாசி நிறமாகியிருந்தது. காலில் செதில் செதிலாக உரிந்தது, நகம் சுருண்டிருந்தது, அலகு வளர்ந்து கோணியிருந்தது. ஆண் கிளிக்குக் கழுத்தில் இருக்கும் கோடும் இல்லை. உடம்பைப் பந்தாக உப்பிக்கொண்டு கண்ணை மூடியிருந்தது.

"கிழவி. இந்த மழை தாண்டாது."

"அப்ப நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்களேன் சிஸ்டர். அந்நியர்கிட்ட குடுக்க மனசு வரல."

மழை தாண்டாது என்பதால்தான் சிஸ்டர் கூண்டைக் கையில் வாங்கினாள். ஏனென்றால் மழை முடிந்ததும் அவளே அறையைக் காலி செய்யப் போகிறவள். ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் தங்கி வேலை பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். உடம்பில் தெம்பு இருக்கிற வரை வேலை. தெம்பு போனால் அங்கேயே ஒரு கட்டில். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கட்டிலைச் சுற்றி வந்தவளுக்கு அந்தக் கட்டில் சாதாரண விஷயமா? நிர்வாகியம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தாள். நாய், பூனை, பறவை எதுவும் உள்ளே வரக் கூடாது.

மாடியறையில் ஒரு சலைன் ஸ்டாண்ட் இருந்தது, ஏதோ ஒரு வீட்டில் வேண்டாமென்று கொடுத்தது. கூண்டை அதில் மாட்டினாள். கொஞ்ச நாளைக்குச் சுவரில் ஓட்டை போடுவானேன்?

கிழவி என்று முடிவு கட்டிவிட்டாலும் வேலையில் அவள் குறை வைக்க மாட்டாள். சாகப்போகிறவர்தானே என்று அழுக்குத் துணியில் கிடத்துகிற ஆள் இல்லை அவள். கூண்டின் அடித்தட்டைச் சுரண்டிக் கழுவினாள். வெறும் தினையே கிடந்த கிண்ணத்தில் கேரட்டும் கீரையும் பச்சை மிளகாயும் வந்தன. காலையில் வெதுவெதுப்பான தண்ணீரைத் தெளித்து வெயிலில் வைத்தாள். நகத்தை வெட்டினாள், கிளி அவள் கட்டைவிரலில் ஒரு கவ்வு கவ்வியது.

"சாகுற வயசுல என்ன திமிரு உனக்கு" என்றாள். அன்றைக்கு முழுக்க அவள் பேசியது அவ்வளவுதான்.

கீழ் வீட்டுத் தையல்காரி துணி காயப்போட மாடிக்கு வரும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பாள். கூடவே அவளுடைய பூனையும் வரும்.

"அக்கா, உங்க கிழவி இன்னும் கிளம்பலையா?"

"இறகு கொட்டுது. இனி ரொம்ப நாள் இல்ல."

"போற நேரத்துல இவ்வளவு தின்னுது?"

"உன் பூனையை முதல்ல பிடிடி."

கொட்டிய இடத்திலெல்லாம் முள்முள்ளாகப் புது இறகு கிளம்பியது. பச்சை, கண் கூசுகிற பச்சை. சிஸ்டர் அதை நல்லதாகவே எடுத்துக்கொள்ளவில்லை. சாகக் கிடப்பவர்களுக்குக் கடைசியில் ஒரு தெளிவு வரும், பசி எடுக்கும், பேச்சு வரும், குடும்பம் சந்தோஷப்படும், அப்புறம் முடிந்துவிடும். அதை அவள் எத்தனையோ வீட்டில் பார்த்தாயிற்று.

ஒரு நாள் காலை அலகுக்குக் கீழே கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. சாப்பாட்டுக் கறை என்று பஞ்சை வெந்நீரில் நனைத்துத் துடைத்தாள். போகவில்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம் பரவியிருந்தது. கிளியைத் துண்டில் சுற்றி நல்ல வெளிச்சத்தில் பார்த்தாள், தோல் கறுக்கிறதோ என்று. வலியில் விடக்கூடாது, ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்று கூண்டைத் தூக்கிக்கொண்டு பறவை டாக்டரிடம் போனாள்.

டாக்டர் கழுத்து இறகை ஊதி விலக்கிப் பார்த்தார். பின்கழுத்தில் இரண்டு மூன்று ரோஸ் நிற இறகைக் காட்டினார்.

"இது நோயில்லம்மா. கோடு வருது. இது ஆண். ரெண்டு மூணு வயசு வரைக்கும் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரிதான் இருக்கும், அப்புறம்தான் ஆணுக்கு மட்டும் கோடு விழும். இவன் இப்பதான் மீசை முளைக்கிற பையன்."

"வயசு?"

"ரெண்டரை இருக்கலாம். கோடு முழுசா விழுந்தப்புறம் வந்திருந்தா அஞ்சா பதினஞ்சான்னு யாராலயும் சொல்ல முடியாது."

"நல்லா பாருங்க டாக்டர். வாத்தியாரம்மா வீட்டுல பதினெட்டு வருஷமா இருந்த கிளி."

டாக்டர் கிளியிடமிருந்து கையை எடுத்தார். "எந்த வாத்தியாரம்மா? மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு கட்டியிருப்பாங்களே, அவங்களா?"

"அவங்கதான்."

"அந்தக் கிளி ரெண்டு வருஷம் முன்னாடியே செத்துப்போச்சும்மா. என் கையிலதான். உடனே அதே மாதிரி கோடில்லாத ஒண்ணு வேணும்னு நின்னாங்க. கிளி துணை இருக்கிற வரைக்கும் தனியா இரு, அதுக்கப்புறம் என் வீட்டுக்கு வந்துடணும்னு மகள் சொல்லியிருந்தாளாம். அவங்களுக்குத் தன் வீட்டை விட்டுப் போக இஷ்டமில்ல. இது குஞ்சு, பின்னால கோடு விழுந்தா தெரிஞ்சு போயிடுமேன்னேன். விழட்டும், அதுக்குள்ள நான் போயிடுவேன்னாங்க."

சொன்னபடியே போயிருக்கிறாள்.

வாத்தியாரம்மா படுத்த பிறகு கிளிக்குத் தினை போடுவது வேலைக்காரப் பெண்ணின் பாடு. கிளி சிஸ்டரின் வேலையில் சேர்த்தியில்லை, அவள் திரும்பிப் பார்த்ததுமில்லை. கவனிப்பில்லாத உடம்பு வயசைக் கூட்டிக் காட்டும். அது அவளுக்குத் தெரியாததா? நாறிக் கிடந்தவர்களைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, தலை சீவி உட்கார வைத்ததும் பத்து வயசு குறைந்துபோவதைப் பார்த்தவள்தானே! தோலுக்குப் பதில் இறகு என்றதும் அதெல்லாம் மறந்துபோயிற்று.

"இப்படியே கவனிச்சா இன்னும் இருபது வருஷம் இருப்பான்" என்றார் டாக்டர். "உங்களுக்கப்புறம் யார் பாத்துப்பாங்க?"

போகிற வீட்டில் எல்லாம் முதல் நாளே அவள் கேட்கிற கேள்வி அது. பகலில் யார், ராத்திரி யார், எனக்கப்புறம் யார்? பதில் சொல்லத் திணறுகிற குடும்பத்தை அவள் மனசுக்குள் திட்டியிருக்கிறாள். தையல்காரியிடம் பூனை. தம்பி கடல் தாண்டி.

"நீங்க எடுத்துக்கிறீங்களா டாக்டர்?"

"எனக்கே ஓய்வு வயசும்மா. இவன் வயசுல யாரையாச்சும் பாருங்க."

அந்த வாரமே மகள் போன் செய்தாள்.

"சிஸ்டர், அந்தக் கிளி எப்ப போச்சு?"

"போகல. இருக்கு."

"இன்னுமா! பாவம், ரொம்ப கஷ்டப்படுதா?"

கிளி தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கொடியிலிருந்து இழுத்த துணி கிளிப்பைக் கடித்துக்கொண்டிருந்தது.

"கஷ்டமில்ல. நல்லா சாப்பிடுது."

"அது மட்டும் இல்லாம இருந்திருந்தா அம்மா கடைசிக் காலத்துல என்கூட வந்து இருந்திருப்பாங்க" என்றாள் மகள்.

நிலைமையை மறைத்துச் சொல்வது சிஸ்டருக்குப் பழக்கமில்லை. டாக்டர்கள் மென்று முழுங்குவதையே உடைத்துச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவள். இப்போது வாயை மூடிக்கொண்டாள். அந்த அம்மா ஒரு கிளியை வாங்கித் தன் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டாள். அதைப் போட்டு உடைக்க இவள் யார்?

"கெட்டியான உடம்பும்மா அதுக்கு. நான் பாத்துக்கிறேன்" என்று போனை வைத்தாள்.

மழை நின்றது. நிர்வாகியம்மா கூப்பிட்டு, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாள். சிஸ்டர் கூண்டைத் திரும்பிப் பார்த்தாள். கோடு இப்போது காதுவரை ஏறியிருந்தது.

"நான் வரலைங்க."

"இந்த இடம் இன்னொரு தடவை கிடைக்காது சிஸ்டர். பின்னால வருத்தப்படுவீங்க."

"படுவேன்" என்றாள்.

கட்டி வைத்த பெட்டியைப் பிரித்துப் புடவைகளைத் திரும்ப அடுக்கினாள். மறுநாள் தச்சரைக் கூப்பிட்டாள். அவர் ஜன்னலோரம் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"கொக்கி எவ்வளவு கனம் தாங்கணும்மா?"

"கனம் ஒண்ணுமில்ல. ரொம்ப வருஷம் தாங்கணும்."

அவர் துளை போட்டு, கொக்கியை முறுக்கி, கூண்டை மாட்டிக் காட்டிவிட்டுப் போனார். சிஸ்டர் சிந்திய சிமெண்டுப் பொடியைக் கூட்டினாள். கேரட்டை நறுக்கி, கிண்ணத்தில் கொஞ்சமும் தன் தட்டில் கொஞ்சமும் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்தி, கூண்டுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"உனக்கு ஒரு ஆள் பார்க்கணும்டா" என்றாள். கிளி கேரட்டில் மும்முரமாக இருந்தது.