பெயர் போடாத ஆறு வரிகள்

கல்லூரியில் அவருக்குப் பட்டப்பெயர் ‘சமாதானம்’. நாடுகள் ஏன் சண்டைக்குப் போகின்றன என்று முப்பது வருஷம் பாடம் நடத்தியவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? சொந்தமாக அவர் கண்டது ஒரே ஒரு கருத்துதான். நாடுகள் பயத்தால் மோதுவதில்லை, அவமானப்பட்டதால் மோதுகின்றன. அந்த ஒன்றை வைத்தே மூன்று புத்தகம், எட்டு மாநாடு, ஒரு சுழல் நாற்காலி என்று காலத்தை ஓட்டிவிட்டார்.

அடுத்த அறையில் ஒரு தற்காலிக விரிவுரையாளர். நாற்பதைத் தொட்டவள். அந்த வருஷத்துக்குள் அவள் கட்டுரை ஒன்று ஆய்விதழில் வந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். பழைய தூதரகக் கடிதங்களைத் துருவித் துருவி எழுதினாள். அவமானப்பட்ட நாடு சண்டைக்கு வரும், சரி. ஆனால் தப்பு செய்துவிட்டு வெட்கப்படும் நாடு வாயைத் திறக்காது. உறவு அழுகுவது அந்த மௌனத்தில்தான். சமாதானம் சார் இதை யோசிக்கவேயில்லை என்பது அவள் வாதம்.

ஆய்விதழ்க்காரர்கள் எழுதியவர் பெயரை மறைத்து, துறையில் பெரிய கை ஒருவரிடம் அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். அவர் பெயரும் வெளியே வராது. கட்டுரை வந்து சேர்ந்தது, வேறெங்கே, இவர் மேஜைக்குத்தான். முதல் பக்கத்திலேயே யாருடையது என்று தெரிந்துவிட்டது. தேநீர் வேளையில் அந்தக் கடிதங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவள்தானே. படித்து முடித்ததும் வயிறு எரிந்தது. அவள் சொன்னது சரி. சரி என்பதுதான் எரிச்சல். ஆறு வரி எழுதினார்: ஆதாரம் போதாது, அடிப்படை தெரியவில்லை, வெளியிடத் தகுதியில்லை.

பத்து நாள் கழித்து அவளே அந்த ஆறு வரியோடு அவர் அறைக்கு வந்தாள்.

“எந்தப் புண்ணியவான் எழுதினாரோ தெரியல சார். பிரிச்சே பார்க்கல போல.”

“பொறாமை பிடிச்சவனா இருப்பான்மா. விடுங்க.”

சொல்லும்போது வாய் கூசவில்லை. அவள் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகுதான் உடம்பே கூசியது.

சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தால் மனைவி விடுவாளா? கக்க வைத்துவிட்டாள்.

“அவங்ககிட்ட நேரா சொல்லிடுங்க. இதழுக்கும் ஒரு கடிதாசு போடுங்க. வருஷம் முடிய இன்னும் ரெண்டு மாசம் இருக்குல்ல?”

“எந்த முகத்தை வெச்சுக்கிட்டுச் சொல்றது?”

“எழுதறப்ப முகம் தேவைப்படலையாக்கும்!”

இரண்டு மாதமும் நாளைக்கு, நாளைக்கு என்றே தள்ளினார். நடைபாதையில் அவள் எதிரே வந்தால் மாடிப்படிப் பக்கம் திரும்பிக்கொள்வார். வருஷக் கடைசியில் அவள் புத்தகங்களை இரண்டு அட்டைப்பெட்டிகளில் கட்டினாள். ஒன்றை வாசல்வரை தூக்கி வந்தது இந்த மனுஷன்தான். “நீங்க ஒருத்தர்தான் சார் ஆறுதலா பேசினீங்க” என்றாள். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பார். பிளக்கவில்லை.

ஒரு வருஷம் கழித்து, அவள் வேலை பார்க்கும் சரக்கு அனுப்பும் அலுவலகத்தைத் தேடிப் போனார். ரசீதுக் கட்டுகளுக்கு முன்னால் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். முத்திரை குத்திக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

“கட்டுரை சரியா தப்பா சார்? அதை மட்டும் சொல்லுங்க.”

“நூத்துக்கு நூறு சரிம்மா. ஒரு வருஷமா வாயைத் திறக்காத நானே அதுக்குச் சாட்சி.”

“அப்ப அதை என் பேர்ல போட வைங்க. மறுத்தது யாருன்னும் எழுதுங்க.” அடுத்த ரசீதை எடுத்துக்கொண்டாள். உட்காரச் சொல்லவில்லை.

ஒளிக்காமல் செய்தார். கட்டுரை அவள் பெயரில் வந்தது. அதற்கு முன் பக்கத்தில், இதை மறுத்தவன் நான், பொறாமையால் மறுத்தேன் என்று கையெழுத்தோடு எழுதியிருந்தார். ஆனால் கல்லூரியில் அவள் இடத்துக்கு எப்போதோ வேறு ஆள் வந்தாயிற்று.

அந்த வாரமே அவருக்குக் கடிதங்கள் குவிந்தன. எவ்வளவு பெரிய மனசு, இந்தக் காலத்தில் யாருக்கு வரும் என்று ஆளாளுக்கு உருகியிருந்தார்கள். ஒரு மாநாட்டுக்குத் தலைமை தாங்கக்கூட அழைப்பு வந்தது. மனைவி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, “அவங்களுக்கு ஏதாவது வந்துச்சா?” என்று கேட்டாள்.

அவர் ஏற்கெனவே விசாரித்திருந்தார். ஒன்றுகூட வரவில்லை.