மதாமுக்குப் பூக்கட்டிப் பார்த்தது

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருடங்கள் தயங்கிவிட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கடிதமும் தேவாரக் கொப்பியும் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. அதைவிட, இதில் கடவுளின் பெயரும் வருகிறது, ஒரு மனுஷியின் மனமும் வருகிறது. இரண்டில் ஒன்றைப் பிழையாக எழுதிவிடுவேனோ என்ற பயம். ஆனால் அந்தக் காலைப்பொழுது மட்டும் என்னை விட்டுப் போவதாயில்லை. மெல்பேர்னுக்குப் பக்கத்தில் டண்டினொங்கில் எங்கள் வாடகை வீட்டு வாசலில், பனிப்புகாருக்குள், ஒரு சின்னப் பிரெஞ்சுக் கார் இரண்டு முறை ஹோர்ன் அடிக்கிறது. ரொட்டியும் சம்பலும் கட்டிய பொதியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் ஏறுகிறேன். ஏறும்போதே, பிள்ளையாரே, இந்தப் பயணம் வீணாய்ப் போகட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

நான் இந்த நாட்டுக்கு வந்தது எழுபதுகளின் நடுப்பகுதியில். என் வீட்டுக்காரருக்கு ஒரு தொழிற்சாலையில் மெக்கானிக் வேலை. மத்தியானம் போனால் நான் படுத்த பிறகுதான் வருவார். அப்போது அங்கே கோயில் இல்லை, தமிழ்க் கடை இல்லை, தெருவில் எங்கள் முகம் போல ஒரு முகம் இல்லை. பிள்ளைகளும் இன்னும் பிறக்கவில்லை. குசினி அலுமாரிக்குள் சுவாமிப் படத்தை வைத்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்று குரலை அடக்கித் தேவாரம் படிப்பேன். இவர் வேலைக்குப் போனால் அடுத்த நாள் காலைவரை என் வாயிலிருந்து வருவது அந்தத் தேவாரம் மட்டும்தான் என்றிருந்த நாட்கள் உண்டு. சில நாள் என் குரல் எனக்கே யாரோ வந்து பேசுவது போலக் கேட்கும்.

அந்தப் பக்கத்து வீட்டில்தான் மதாம் இருந்தார். பிரான்சில் பர்கண்டி என்ற திராட்சை நாட்டில் பிறந்தவர். புருஷன் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. வயது அறுபதுக்கு மேல். தெருவில் எல்லோரும் மதாம் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே பழகிவிட்டேன். ஒருநாள் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "நீ பாடுறதை ஏன் பாதியிலை நிப்பாட்டினனி? நான் கதிரை கொண்டுவந்து போட்டுக் கேட்டுக்கொண்டெல்லோ இருந்தனான்" என்றார். அவருக்கும் எனக்கும் நடுவில் இருந்தது உடைந்த ஆங்கிலம். இங்கே எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன், அவருடைய குரல் எனக்கு அப்படித்தான் நினைவில் இருக்கிறது. அன்றிலிருந்து தினமும் பின்னேரம் நான் அங்கே போவேன், அல்லது அவர் இங்கே வருவார். அவர் வீட்டுக்கு வேறு யாரும் வந்துபோய் நான் கண்டதில்லை. அப்போது அது எனக்குப் பெரிதாய்ப் படவுமில்லை. என் தனிமையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு தரம் எனக்குத் தையல் தொழிற்சாலையில் வேலை கிடைக்கும்போல இருந்தது. போவதா வேண்டாமா என்று தெரியாமல் சுவாமிப் படத்துக்கு முன்னால் பூக்கட்டிப் பார்த்தேன். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரிக் கடதாசியில் மடித்து, எது எதுவென்று தெரியாமல் குலுக்கி, ஒன்றை எடுப்பது. எது வந்தால் போவது, எது வந்தால் நிற்பது என்று முதலே நேர்ந்துகொள்ள வேண்டும். மதாம் குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். "கடவுளிட்டை பதில் வாங்க இவ்வளவு சுகமான வழி இருக்கெண்டு எங்கட பாதிரியார் ஒருநாளும் சொல்லித் தரேல்லையே" என்று சிரித்தார். எனக்கு வேண்டாம் என்று வந்தது. நான் போகவில்லை.

பிறகு ஒரு வைகாசி மாதம், இங்கே அது இலை கொட்டிக் குளிர் தொடங்கும் காலம். பத்திரிகையில் ஒரு விளம்பரம் பார்த்தேன் என்று மதாம் வந்து சொன்னார். வடக்கே ரதர்க்ளென் என்ற வைன் ஊரில், திராட்சைத் தோட்டத்தோடு ஒட்டி ஒரு சின்ன வீடு வாடகைக்கு இருக்கிறதாம். பிடித்திருந்தால் இங்கே விட்டுவிட்டு அங்கே போய்விடுவாராம். "நீயும் வா. தனியப் போனா எனக்கு எல்லா வீடும் பிடிக்கும். குறை சொல்ல ஒரு ஆள் வேணும்" என்றார். என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "வைன் காய்ச்சிற ஊருக்கோ போறீர்? விரதகாரிக்கு நல்ல யாத்திரைதான். வரேக்கை நேரா நடந்து வருவீரோ, இல்லாட்டி நான் வந்து தூக்கோணுமோ?" என்று பகிடி பண்ணினார். "இஞ்சாருங்கோ, நான் என்ரை ரொட்டியோடைதான் போறன்" என்றேன். சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்துவிட்டு, "அவ போனா நீர் என்ன செய்வீர்?" என்று கேட்டார். நான் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்து நீட்டினேன்.

போகிற வழியில் முதலில் பீச்வர்த். தங்கம் கிண்டிய காலத்து ஊர். நீதிமன்றம், தபாற்கந்தோர், கைதிகளை வைத்த மறியல்வீடு எல்லாமே ஒரே தேன் நிறக் கல்லில் நின்றன. பலகையில் எழுதியிருந்த வருடங்களை மதாம் ஒவ்வொன்றாக வாசித்தார். "நூறு வருசம் இவங்களுக்குப் பழசு. என்ரை அம்மான்ரை சாப்பாட்டு மேசை இதைவிடப் பழசு" என்றார். அவருடைய ஊருக்குப் பக்கத்தில் ஏழைகளுக்கென்று கட்டிய ஒரு பழைய ஆஸ்பத்திரி இருக்கிறதாம். கூரை முழுக்கப் பல நிற ஓடு, பாய் பின்னினது போலவாம். கன்னியாஸ்திரிகள் நோயாளரைப் பார்ப்பார்களாம், செலவுக்கு அந்த ஆஸ்பத்திரிக்குச் சொந்தமான தோட்டத்து வைனை விற்பார்களாம். "வைன் வித்தோ தர்மம் செய்தவை?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். "பின்னை? குடிக்கிறவனுக்கும் புண்ணியம் எண்டு என்ரை அப்பா ஒரு கிளாஸ் கூடக் குடிப்பார்" என்றார். அன்றிரவு அங்கே ஒரு விடுதியில் தங்கினோம். விடிய நான் திருநீறு பூசும்போது அவரும் நெற்றியைக் காட்டினார். "எனக்கும் கொஞ்சம் பூசிவிடு. வீடு பாக்கப் போறமெல்லோ."

அடுத்தது சில்டர்ன். அங்கே ஒரு பழைய விடுதியின் முற்றத்தில் ஒரேயொரு திராட்சைக் கொடி முற்றம் முழுவதையும் மூடிப் படர்ந்திருந்தது. அடிமரம் மாமரம் போலப் பருத்திருந்தது. இலை பாதி கொட்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் இதை முந்திரிகை என்போம், பந்தல் போட்டு வளர்ப்போம். ஆனால் இப்படிக் கிழடான ஒன்றை நான் கண்டதில்லை. மதாம் கையுறையைக் கழற்றிவிட்டு அந்த மரத்தில் கையை வைத்துக்கொண்டு தன் பாஷையில் ஏதோ சொன்னார். என்னவென்று நான் கேட்டேன். "ஒண்டுமில்லை. இதோடை பிரெஞ்சிலை கதைக்க இஞ்சை ஆர் இருக்கினம்?" என்றார்.

ரதர்க்ளென்னில் முதலில் கண்ணில் பட்டது ஊருக்கு மேலால் எழும்பி நின்ற ஒரு தண்ணீர்த் தாங்கி. அதன் உச்சியைப் பெரிய வைன் போத்தல் போலச் செய்து வைத்திருந்தார்கள். "எங்கட ஊரிலை தூரத்திலை தெரியிறது தேவாலயம், இஞ்சை போத்தல்!" என்று மதாம் சிரித்துக்கொண்டே காரை ஓரம் கட்டிவிட்டார். ஒரு வைன் கிடங்குக்குள் கூட்டிப் போனார். மதாம் கிளாசைச் சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் எடுத்து, கொப்பளித்து, வாளிக்குள் துப்பினார். "என்ன மதாம், பழுதோ?" என்றேன். "அருமையா இருக்கு. கார் ஓடோணும், அதுதான் துப்பினனான்." கிடங்குக்காரக் கிழவர் என்னைப் பார்த்துவிட்டு, கேளாமலே ஒரு பிடி உலர்ந்த முந்திரிகைப் பழம் அள்ளித் தந்தார். அங்கே இருந்த எல்லோரும் நல்லவர்களாகவே இருந்தார்கள். எனக்கு அதுதான் பயம், மதாமுக்கு ஊர் பிடித்துவிடுமே.

வீடும் நல்லதாகவே இருந்தது. செங்கல் சுவர், முன்னுக்கு விறாந்தை, குசினியில் அடுப்படிக்கு எதிரே ஒரு யன்னல். அதைத் திறந்தால் வரிசை வரிசையாக முந்திரிகைக் கொடி, மஞ்சள் இலையோடு. நான் குறை தேடினேன். தண்ணீர்க் குழாய் சத்தம் போடுகிறது என்றேன், குசினி இருட்டு என்றேன். "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டே மதாம் அந்த யன்னலில் நெடுநேரம் நின்றார். வெளியே வந்து காருக்குப் பக்கத்தில் நின்று, போவதா வேண்டாமா என்று தனக்குத் தெரியவில்லை என்றார். பிறகு, "அந்தப் பூக் கட்டுறது இருக்கெல்லோ, அதை இப்ப கட்டு" என்றார்.

"அது சாமிக்கு முன்னாலை செய்யிறது, மதாம்."

"உன்ரை சாமி உன்ரை கைப்பைக்குள்ளை இருக்கிறாரெல்லோ? எனக்குத் தெரியும்."

ஒவ்வொரு கொடி வரிசையின் முனையிலும் ஒரு ரோசாச் செடி நட்டிருந்தார்கள். கொடிக்கு நோய் வருமுன் ரோசா காட்டித் தருமாம். பருவம் முடிந்தும் சில பூக்கள் மிஞ்சியிருந்தன. மதாம் ஒரு வெள்ளையும் சிவப்பில் நாலைந்தும் பறித்துவந்து, பேக்கரியில் பாண் வாங்கிய கடதாசிப் பையையும் என் கையில் தந்தார். "வெள்ளை வந்தா இஞ்சை வாறன். சிவப்பு வந்தா உன்ரை பக்கத்து வீடுதான். நான் பாக்கமாட்டன். உன்ரை விருப்பத்துக்குக் கட்டு, ஆறுதலாக் கட்டு" என்று சொல்லிவிட்டு, கொடிகளுக்கிடையில் நடந்துபோய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பிள்ளையார் படத்தைக் காரின் முன்பக்கத்தில் சாத்தி வைத்தேன். இரண்டிலும் சிவப்பை வைத்தால் ஆருக்குத் தெரியும் என்ற நினைப்பு எனக்கும் வந்தது. வரவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சுவாமிக்கு முன்னால் அதை எப்படிச் செய்வது? டண்டினொங்கிலிருந்து இவ்வளவு தூரமும் நான் கேட்டுக்கொண்டு வந்தவன் அவன். தருவதென்றால் அவனே தரட்டும், அவனே சொல்லட்டும், நான் ஏன் இடையில் என்று நினைத்தேன். ஒன்றில் வெள்ளை, மற்றதில் சிவப்பு. ஒரே மாதிரி மடித்து, எனக்கே தெரியாதபடி குலுக்கி, படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு மதாமைக் கூப்பிட்டேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். பிரித்தார். வெள்ளை. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையை நீட்டி மற்றப் பொட்டலத்தையும் எடுத்துப் பிரித்தார். யாரும் அதைப் பிரிப்பதில்லை. அதில் சிவப்பு இருந்தது. என்னைப் பார்த்துவிட்டு, "சரி" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கே திரும்பினோம். வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது, "நீ நல்ல பிள்ளை" என்றார். மெச்சுகிற குரலில் அல்ல.

அடுத்த மாதம் லொறி வந்து சாமானை ஏற்றிக்கொண்டு போயிற்று. மதாம் காரில் ஏறமுன் என் இரண்டு கன்னத்திலும் கொஞ்சிவிட்டு, "ரெண்டிலையும் சிவப்பை வைப்பாய் எண்டு நினைச்சன். அதுக்குத்தான் திரும்பி நிண்டனான்" என்றார். "சாமிக்கு முன்னாலை எப்பிடி, மதாம்?" என்றேன். "ஓம். அதுவும் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கார்க் கதவைச் சாத்தினார். முதல் முறையாக அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த மனுஷி கேட்டது கடவுளிடமல்ல, என்னிடம்.

இரண்டு தரம் என் வீட்டுக்காரரோடு அங்கே போய் மதாமைப் பார்த்தேன். "எப்பிடி இருக்கிறியள்?" என்றால், "நல்லாயிருக்கு. ஆனா பின்னேரம் சரியான நீளம்" என்பார். சில குளிர்காலங்களுக்குப் பிறகு அந்த ஊரிலேயே காலமானார். மதாம் போன பிறகு எனக்கும் பின்னேரங்கள் அப்படித்தான் கழிந்தன, மூத்தவள் பிறக்கும்வரை.

இன்று மெல்பேர்னில் கோயில்கள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை கார் விட இடமில்லை. என் தேவாரத்துக்கு இப்போது ஒலிபெருக்கி இருக்கிறது. கோயிலில் மாலை கட்டும்போது சில பெண்களுக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். ஒருத்தி சொன்னாள், "அன்ரி, திராட்சைக்கை பிறந்தவ திராட்சைக்கையே போய்ச் சேர்ந்தா, கடவுள் சரியாத்தானே சொல்லியிருக்கிறார்." இன்னொருத்தி, "உங்களுக்கென்ன விசர் பிடிச்சதோ அன்ரி, ரெண்டிலையும் சிவப்பை வைச்சிருக்கலாமே" என்றாள். சில மாதத்தில் அந்தக் கதை வாய்மாறி என்னிடமே திரும்பி வந்தது: நான் அழுது மறித்தேனாம், மதாம்தான் பூவின் சொல்லை மீறக்கூடாது என்று போனாராம். கேட்க எவ்வளவோ நன்றாக இருந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வாசிக்கிறவர்கள் யாருக்காவது சொல்ல நினைத்தால் தாராளமாகச் சொல்லுங்கள், ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். கடவுளைக் குறை சொல்ல வேண்டாம், அவன் கேட்டதற்குப் பதில் தந்தான். என்னை நல்லவள் என்றும் சொல்ல வேண்டாம், விசரி என்றும் வேண்டாம். ஒரு பொட்டலத்தில் வெள்ளை இருந்தது, மற்றதில் சிவப்பு இருந்தது, வெள்ளை வந்தது. "போகாதேங்கோ மதாம்" என்று நான் சொன்னதாக மட்டும் யாரும் சேர்த்துவிடாதீர்கள். நான் சொல்லவில்லை.